உப்புப் போடாத சோறு

மலையிலிருந்து யாரையாவது கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதென்றால், அவர்கள் வீட்டார் முதலில் என்னிடம் வந்துவிட்டுப் போகிறார்கள். டாக்டர் எப்படி, ஊசி வலிக்குமா என்றெல்லாம் கேட்பதில்லை. “அங்க சோத்துக்கு என்னங்க பண்ணுனீங்க?” என்பதுதான் கேள்வி. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. செம்மேட்டில் ஒரு வாத்தியாரிடம் கற்ற எழுத்து இன்னும் மறக்காததால் எழுதி வைக்கிறேன். நான் கிடந்த அந்த ஆஸ்பத்திரி ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே இப்போது வேறு ஆட்கள் இருக்கலாம், நல்லவர்களாகவும் இருக்கலாம்.

என் பெயர் வெள்ளையன். மலைமேல் திருப்புலி நாட்டில் சாமையும் மிளகும் போட்டுப் பிழைக்கிறவன். மிளகு பறிக்கிற பருவத்தில் அட்டை கடித்த இடமெல்லாம் புண்ணாகிச் சீழ் பிடித்தது. எல்லோருக்கும் வருவதுதான். பச்சிலை வைத்துக் கட்டியதில் ஆறியும் போயிற்று. ஆறிக் கொஞ்ச நாள் கழித்து, ஒரு காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. இமை இரண்டும் உப்பிக் கிடந்தன. என் மனைவி நல்லாயி பார்த்துவிட்டு, “தேனெடுக்கப் போனீங்களா, கொட்டிருச்சா?” என்று சிரித்தாள். வெயில் ஏறியதும் முகம் வடிந்து கால் வீங்கியது. அடுத்த சில நாட்களில் மூத்திரம் ஒரு கை அளவுக்குக் குறைந்தது. அதுவும் கறி கழுவிய தண்ணீர் நிறத்தில் வந்தது. படுத்தால் மூச்சு விட முடியாமல் உட்கார்ந்தே இருந்தேன். அதற்குப் பிறகுதான் கீழே கொண்டுபோகலாம் என்றார்கள்.

அந்தக் காலத்தில் மலைக்கு ரோடு கிடையாது. கம்பில் போர்வையைக் கட்டித் தூளியாக்கி, என் அண்ணன்மார் இருவரும் தோள் கொடுத்து இறக்கினார்கள். வழுக்குப் பாறைகளில் பெரியண்ணன் முழங்காலில் விழுந்தும் கம்பை விடவில்லை. முட்டி சிதைந்து ரத்தம் கொட்டியது. அடிவாரத்திலிருந்து வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அன்றைக்கே இருவரும் திரும்ப வேண்டியிருந்தது. மூன்று வீட்டு மிளகும் கொடியிலேயே பழுத்துக்கொண்டிருந்தது. போகும்போது ஒரு தார் மலைவாழைப்பழத்தைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுப் போனார்கள். நல்லாயி மட்டும் என்னோடு இருந்தாள். அதற்கு முன்பு அவள் மலையைவிட்டு இறங்கியதில்லை.

டாக்டர் என் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். கொதித்தபோது அது முட்டை வெள்ளைக்கரு வெந்ததுபோல வெள்ளையாகத் திரண்டது. குழாயை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“பார்த்தியா? ரத்தத்துல இருக்க வேண்டிய சத்து இது. உன் குண்டிக்காய் ஓட்டையாப் போச்சு. சத்து வெளியே ஒழுகுது, தண்ணி உள்ளே தங்குது.”

குண்டிக்காய் என்பது இடுப்புக்கு மேலே முதுகை ஒட்டி இரண்டு பக்கமும் இருக்கும் உறுப்பு. மூத்திரத்தைப் பிரிப்பது அதுதான். புண்ணின் விஷம் அங்கே இறங்கிவிட்டது என்றார். இதற்கென்று தனி மருந்து இல்லையாம். படுத்துக் கிடக்க வேண்டும், உப்பைத் தொடக்கூடாது.

“ஒரு கல்லு உப்பு உள்ளே போனா, ஒரு சொம்புத் தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். நெஞ்சு வரைக்கும் ஏறிச்சுன்னா நீ போயிடுவே. புரியுதா?”

புரிந்தது. புரியாமல் போனது அதற்கடுத்தது. ஆஸ்பத்திரியில் கொடுப்பது ரொட்டி, கஞ்சி, ஒரு டம்ளர் பால். கஞ்சி எல்லோருக்கும் ஒரே அண்டாவில் உப்புப் போட்டுக் காய்ச்சியது. ரொட்டி மாவிலேயே உப்பு இருக்கிறது. ஆகவே பால் மட்டும்தான் எனக்கு. அதிலும் வார்டு ஆள் பாதி தண்ணீர் கலந்துதான் ஊற்றுவான். அந்தப் பாலைக் குடித்துக்கொண்டு எத்தனை நாள் கிடப்பது என்று நல்லாயி கேட்டதற்கு டாக்டர், “வெளியே ஹோட்டல்ல சொல்லி உப்பில்லாம வாங்கிக் குடு” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நல்லாயி முதலில் தானே பொங்கிப் பார்த்தாள். ஊரிலிருந்து ஒரு சட்டியும் கொஞ்சம் சாமையும் கொண்டுவந்திருந்தாள். மதிலுக்கு வெளியே மூன்று கல் கூட்டித் தீ மூட்டினாள். காவல்காரன் வந்ததும் அடுப்பைக் காலால் உதைத்தான். சட்டி உடைந்து சாமை மண்ணில் கொட்டியது. சத்திரத்தில் கேட்டாள். மலைக்காரர்களுக்கு அங்கே அடுப்பு கிடையாது என்றார்கள். அப்புறம்தான் கடை கடையாக ஏறி இறங்கினாள்.

கடைத்தெருவில் பெரிதாக இருந்தது காபி கிளப்பு. முன்வாசலில் அவளை விடவில்லை. பின்பக்கம் எச்சில் இலை விழுகிற சந்தில் ஒரு ஜன்னல் இருந்தது. அங்கே நின்றுதான் கேட்க வேண்டும். இட்லி மாவில் உப்பு, உப்புமாவில் உப்பு, சாம்பாரில் உப்பு. உப்பில்லாமல் என்னதான் இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள்.

“குளத்துத் தண்ணி இருக்கு. போய்க் குடி” என்று ஜன்னலைச் சாத்தினானாம் சமையல் பார்க்கிற சரக்கு மாஸ்டர்.

சந்தைப்பேட்டைப் பக்கம் கறிச்சோறு போடுகிற கடை ஒன்று. அங்கே சந்துக்குப் போகச் சொல்லவில்லை, வாசலிலேயே நிற்க விட்டார்கள். அவள் கேட்டதைக் கடைக்காரன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து உரக்கச் சொன்னான்: “இந்தப் பொம்பள ஊட்டுக்காரன் சோத்துல உப்புப் போட்டுத் திங்கறதில்லையாம்ப்பா.”

ரோஷம் கெட்டவனைப் பற்றிச் சொல்கிற பேச்சு அது என்பது எந்த ஊர்த் தமிழனுக்கும் தெரியும். கடை முழுவதும் சிரித்தது. ஒருவன், “அதான் பொண்டாட்டிய அனுப்பிட்டுப் படுத்துக்கிட்டானா?” என்றான். அவர்கள் சிரித்து முடிக்கிறவரை நல்லாயி நின்றாள். முடிந்ததும், “இருக்குதுங்களா, இல்லீங்களா?” என்று மறுபடி கேட்டாள். இல்லை என்றார்கள்.

இதையெல்லாம் அவள் என்னிடம் அழாமல் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். அவர் பெயர் மாரிமுத்து. அடிவாரத்து ஊரைச் சேர்ந்த கொத்தனார். அவருக்கும் என் நோய்தான், எனக்கு முன்பே வந்தது. வயிறு பானையாக இருந்தது. அவருக்கும் உப்பு கூடாது. அவர் மனைவி செல்லம்மாள் ஆஸ்பத்திரி இருந்த ஊரிலேயே தன் அக்காள் வீட்டில் தங்கிச் சமைத்து, தினமும் தூக்குப்போசியில் கொண்டுவருவாள். போசியைத் திறந்தால் கருவாட்டு வாசனை வார்டு முழுக்க வரும்.

“உப்பில்லாத சோத்துக்கா இந்த அலைச்சல்?” என்று மாரிமுத்து என்னிடம் சொன்னார். “அதத் திங்கறதுக்கு மண்ணத் திங்கலாம். இத்தன வருசம் சுண்ணாம்பு மிதிச்சேன், வெயில்ல காஞ்சேன். மதியம் அந்தக் கொழம்புச் சோறு ஒண்ணுதான் நான் கண்ட சொகம். அதயும் புடுங்கிக்கிட்டு உசுர மட்டும் வெச்சு என்ன பண்றது?”

கடைசியில் வண்டிப்பேட்டைக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக்கடையில் நல்லாயிக்கு வழி கிடைத்தது. கடைக்காரன் ராமசாமி. மாவாட்டுகிறவள் நின்றுபோயிருந்தாள். “காலையில வந்து மாவாட்டிக் குடுத்து, பாத்திரம் கழுவிட்டுப் போ. உன் புருசனுக்கு வெறுஞ்சோறும், உப்புப் போடறதுக்கு முந்தி ஒரு கரண்டிப் பருப்பும் எடுத்து வெக்கச் சொல்றேன்” என்றான். அவள் சரியென்றாள். ஒரு வீட்டுக்கு மாவாட்டியவள், ஒரு கடைக்கு மாவாட்டினாள். உள்ளங்கை தோல் உரிந்து என் வாயில் பழம் வைக்கும்போது சொரசொரவென்று படும்.

கீழே போகிறவர்கள் கேட்பது இதைத்தான் என்பதால், அடுப்பருகில் நின்று அவள் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். கடைச் சோறு வடிக்கும்போது உப்புப் போடுவதில்லை, அதை நம்பலாம். பழைய சோற்றை நம்பக்கூடாது. மோரில் நீங்கள் கேட்பதற்கு முன்பே உப்பு விழுந்திருக்கும். கீரை சாதுவாகத் தெரியும், உப்பை அதுதான் நிறையக் குடிக்கும். ஊறுகாய், அப்பளம், வடகம் பக்கமே போக வேண்டாம். பால், வெல்லம், தேன், வாழைப்பழம், அவித்த கிழங்கு இவற்றோடு சோற்றைத் தின்னலாம். மரவள்ளிக் கிழங்கை அவிக்கிற தண்ணீரில் உப்பு உண்டா என்று கேட்க வேண்டும். கல்லாவில் இருப்பவனைக் கேட்காதீர்கள், கரண்டி பிடிப்பவனைக் கேளுங்கள். கேட்டால் மட்டும் போதாது, பார்க்க வேண்டும்.

அந்தச் சோறு வந்தபின் உடம்பு தேறியது. முதலில் மூத்திரம் பெருகியது. அப்புறம் கால் வற்றித் தோல் சுருங்கித் தொங்கியது. டாக்டர் விரலால் கணுக்காலை அழுத்திப் பார்ப்பார். முன்பு பள்ளம் விழுந்து அப்படியே நிற்கும், இப்போது உடனே மேலே வந்தது. “இன்னும் கொஞ்ச நாள்தான்” என்றார்.

அந்த நேரத்தில்தான் பருப்பில் ஏதோ ருசி தெரிந்தது. உப்பு என்று சொல்ல முடியாது. உப்பில்லாமல் பழகிய நாக்கு பருப்பின் சொந்த ருசியைக் கண்டுபிடித்துவிட்டது என்று நினைத்தேன். வழக்கத்தைவிட நன்றாகச் சாப்பிட்டேன். நல்லாயிக்குச் சந்தோஷம். நாலைந்து நாள் போயிற்று. முகம் மறுபடி உப்பியது. தலைக்குள் இடிக்கத் தொடங்கியது. ஒரு மத்தியானம் நல்லாயி எதிரே நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் கலங்கி, சாம்பலாகி, இல்லாமல் போயிற்று. எனக்குக் கண் தெரியவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தபோது வலிப்பு வந்துவிட்டதாம். பல்லில் நாக்கு மாட்டி வாயெல்லாம் ரத்தம்.

நினைவு திரும்பியபோது கும்மிருட்டு. கையில் நரம்பைக் கீறி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரத்தத்தின் வேகம் தலைக்கு ஏறினால் பார்வை போகும், வலிப்பு வரும், கொஞ்சம் ரத்தத்தை வெளியே விட்டால் அடங்கும் என்று பிற்பாடு நர்ஸ் சொன்னாள். அப்போது எனக்குக் கேட்டது டாக்டரின் குரல்தான்.

“என்னடி போட்டே அவனுக்கு? கருவாடா?”

“இல்லீங்க சாமி. கடையில வெறும் பருப்புதானுங்க.”

“பொய் சொல்லாதே. உங்க மலை ஜனங்களுக்குச் சொன்னா ஏறாது. இவளை இனி வார்டுக்குள்ளே விடாதே, வெளியே தள்ளு.”

அவளை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அவள் கத்தவில்லை. கட்டில் கால் ஒன்றில் அவள் கை மோதியிருக்க வேண்டும், வளையல் உடைந்தது.

கண்ணில்லாமல் எத்தனை நேரம் கிடந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. சாவுக்கு நான் பயந்தது அப்போதுதான். மலைக்கு என்னைக் கொண்டுபோக மாட்டார்கள், இந்த ஊரிலேயே எங்கோ போட்டுவிடுவார்கள் என்ற நினைப்பு வந்து வந்து போயிற்று. என் கட்டிலுக்குப் பின்னால் ஒரு ஜன்னல். அதற்கு வெளியே நின்று நல்லாயி கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை, “ஏனுங்க, இருக்கறீங்களா?” என்று கேட்பாள். இருக்கிறேன் என்பேன். காவல்காரன் விரட்டுவான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், “இருக்கறீங்களா?”

பார்வை விளிம்பிலிருந்து மெல்லத் திரும்பியது. முதலில் வெளிச்சம், பிறகு ஆட்களின் நிழல், பிறகு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவள் முகம். அவள் அதற்குள் நடந்ததைக் கண்டுபிடித்திருந்தாள். கடைக்குப் போய்ச் சமையற்கட்டு ஓரமாக நின்று பார்த்திருக்கிறாள். தனியாகப் பருப்பு எடுத்து வைப்பதையே விட்டிருந்தார்கள். எல்லோருக்கும் தாளித்து உப்புப் போட்ட பருப்பிலிருந்து ஒரு கரண்டி அள்ளி, வெந்நீர் ஊற்றி அலசி, தண்ணீரைச் சாய்த்துவிட்டுப் போசியில் போட்டிருக்கிறார்கள்.

ராமசாமியிடம் நியாயம் கேட்டாள். அவன் கோபப்படக்கூட இல்லை.

“அலசித்தானே குடுத்தோம்? கடையில இத்தன பேரு திங்கறான், யாராவது செத்தானா? உன் புருசன் ஒருத்தனுக்காக அடுப்பத் தனியா வெச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கச் சொல்றியா?” என்றான். பிறகு, “ஒரு படி மாவு பாக்கியிருக்குது. ஆட்டிட்டுப் போறியா, ஆளப் பாக்கட்டுமா?” என்றான்.

இதை அவள் ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மாரிமுத்துவுக்குச் சோறு கொண்டுவந்த செல்லம்மாளும் கேட்டாள். மறுநாள் இரண்டு தூக்குப்போசியோடு வந்தாள். ஒன்றை என் கட்டிலில் வைத்தாள்.

“உப்புப் போடலீங்க. எங்கக்கா ஊட்டு அடுப்புத்தான், நான்தான் வெச்சேன். நம்பிச் சாப்புடுங்க.”

நான் தயங்கினேன். யாரையும் நம்பும் நிலையில் இல்லை. அவள் ஒரு கவளத்தை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்றுகாட்டினாள். அதற்குப் பிறகுதான் சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் இரண்டு போசி. எனக்குச் சோறு, உப்பில்லாத பாசிப்பருப்பு, சில நாள் அவித்த பூசணி. அவள் கணவருக்குச் சோறு, கருவாட்டுக் குழம்பு. டாக்டருக்கு மூக்கில்லாமலில்லை. இரண்டு முறை போசியைப் பிடுங்கிக் கொட்டினார். மறுநாள் முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்தாள். நல்லாயி ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே அவளைப் பிடித்துக் கேட்டுவிட்டாள்.

“எங்கூட்டுக்காரருக்கு உப்பில்லாமச் செய்யறீங்க. உங்கூட்டுக்காரருக்கும் அதையே குடுத்தா என்னங்கக்கா?”

“குடுத்துப் பாத்தேன் கண்ணு. மூஞ்சியில எறிஞ்சாரு. எறிஞ்சாப் பரவால்ல. அப்புறம் அழுதாரு. கொழந்தையாட்டம் கையப் புடிச்சுக்கிட்டு, ஒரு வாய் குடு செல்லம்மான்னு அழுதாரு. உம் புருசன் அழுதா எனக்குத் தாங்கும். அவரு அழுதா எனக்குத் தாங்கல.”

மாரிமுத்துவின் வயிற்றில் தொப்புளுக்குக் கீழே கெட்டி ஊசி குத்தி, ரப்பர்க் குழாய் வைத்து நீர் இறக்கினார்கள். பித்தளை வாளியில் அது விழுகிற சத்தத்தை அவரே கேட்டுக்கொண்டு படுத்திருப்பார். வாளி நிறைந்து எடுத்துப் போவார்கள். வயிறு தளர்ந்துவிடும், இரண்டு கவளம் அதிகமாகச் சாப்பிடுவார், மறுபடி ஊறும். என் கால் வற்ற வற்ற அவர் வயிறு ஏறியது. கடைசி நாட்களில் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் சாப்பிடுவார்.

ஒரு காலையில், எல்லோரும் பல் விளக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், தண்ணீர் கேட்டார். நர்ஸ் கொண்டுவருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. துணியால் மூடி, பிணம் கிடத்துகிற பின்கட்டுக்குக் கொண்டுபோய், கட்டிலில் மெத்தையைச் சுருட்டிவைத்தார்கள்.

செல்லம்மாளுக்குச் சொல்லி அனுப்ப ஆளில்லை, அவள் அக்காள் வீடு நல்லாயிக்கும் தெரியாது. அவள் வழக்கமான நேரத்துக்கு இரண்டு போசியோடு வந்தாள். சுருட்டிய மெத்தையைப் பார்த்துக்கொண்டே என்னுடைய போசியை என் கட்டிலில் வைத்தாள். மற்றதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். அப்போது டாக்டர் வார்டுக்குள் வந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் நின்றார். என் போர்வையை விலக்கி, கணுக்காலை அழுத்தி, பள்ளம் விழாததைக் காட்டினார்.

“ரெண்டு பேருக்கும் ஒரே நோய். இவனுக்கும் சோறு போட்டது நீதான். அவனுக்கும் சோறு போட்டது நீதான். நான் வேற என்ன சொல்ல?”

சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கே ஒரு காய்ச்சல்காரனின் நாடியைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்தார்.

செல்லம்மாள் அழவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். வார்டில் யாரும் அவள் பக்கம் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியிலிருந்து நல்லாயி, “அக்கா, அக்கா” என்று கம்பியைத் தட்டினாள். அவள் திரும்பவில்லை. நான், “அவரு ரொம்பச் செரமப்படலீங்க” என்றேன். அதுவும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

“சாப்புடுங்க” என்றாள்.

“வேண்டாமுங்க. இன்னிக்கு எப்படிங்க...”

“சாப்புடுங்க. ஆறிப்போவுது.”

போசியைத் திறந்தேன். சோறும் பாசிப்பருப்பும். ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்துவிட்டு நிறுத்தினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி அள்ளினேன். என் கையையும் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்; நான் விழுங்குகிறேனா என்று தொண்டையைப் பார்த்தாள். பாதியில், “போதுமுங்க” என்றேன்.

“முழுசும் தின்னுங்க.”

முழுவதும் தின்றேன். போசியின் அடியில் ஒட்டியிருந்த பருப்பை வழித்து வாயில் போட்டதைப் பார்த்தபின்தான் எழுந்தாள். வெராந்தாக் குழாயில் என் போசியைக் கழுவிக் கவிழ்த்து, தண்ணீர் வடியும்வரை நின்றாள். திறக்காத போசியையும் அதையும் ஒரே கையில் தூக்கிக்கொண்டு, பின்கட்டு எந்தப் பக்கம் என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டு நடந்தாள்.